ஜேஆர்பிஜில சாதா சண்டைங்க இன்னும் எதுக்கு இருக்கு?

நிலவறைவாசி:
ஜேஆர்பிஜில (ஜப்பான் பாணி ரோல் பிளேயிங் கேமுங்க) என்ன மாத்தணும்னு பேச்சு வந்தாலே உடனே டர்ன் பேஸ்டு (மாறி மாறி முறை போட்டு அடிக்கறது) வேணுமா ஆக்‌ஷன் வேணுமான்னு ரெண்டு கட்சியா பிரிஞ்சுடறாங்க. நான் அதுக்கு வரல. 2025ல ஒரு பிரெஞ்சு டீம் கிளேர் ஆப்ஸ்க்யூர்னு டர்ன் பேஸ்டாவே ஒண்ணு எடுத்து கேம் ஆஃப் தி இயர் வரைக்கும் வாங்கிட்டாங்க, அதுக்கப்பறமும் டர்ன் பேஸ்டு செத்துருச்சுன்னு சொல்றவங்ககிட்ட பேசி பிரயோஜனம் இல்ல.

என் கேள்வி வேற. பாஸ் (பெரிய முக்கிய எதிரி) இல்லாத சாதா சண்டை, வழில வர்ற வவ்வாலு, ஸ்லைமு, எலும்புக்கூடு, இதெல்லாம் இப்ப எதுக்கு இருக்கு?

1986ல முதல் டிராகன் குவெஸ்ட் வந்தப்ப அதுக்கு ஒரு வேல இருந்துச்சு. அத உருவாக்கின யூஜி ஹோரி விசார்ட்ரி, அல்டிமான்னு முந்தின கேமுங்க ரெண்டும் ஆடிட்டுதான் பண்ணாரு, விசார்ட்ரில நிலவறை எப்டின்னா உள்ள போகப் போக கைல இருக்கறது கரைஞ்சுகிட்டே வரும். ஒவ்வொரு சண்டையும் உங்க எம்பில (மேஜிக்குக்கான சக்தி) கொஞ்சம், மூலிகைல கொஞ்சம் உருவிட்டு விடும், அதனால நடக்கற ஒவ்வொரு அடிக்கும் இன்னும் உள்ள போலாமா இல்ல இப்பவே ஊருக்கு திரும்பிடலாமான்னு ஒரு கணக்கு மண்டைல ஓடிட்டே இருக்கும். டிராகன் குவெஸ்ட்ல செத்தா ராஜா முன்னாடி எந்திரிப்பீங்க, பாதி காசு காலி, லெவல் மட்டும் அப்டியே இருக்கும். ஒரு தனி சண்டைய எடுத்துப் பாத்தா அது சப்புனுதான் இருக்கும், எல்லாம் சேந்துதான் கேமே.

இப்ப என்னாச்சு? பாஸ் ரூமுக்கு வெளிய ஒரு சேவ் பாயிண்ட், தொட்டா எல்லாருக்கும் எச்பி (உயிர்) எம்பி ஃபுல். பையில போஷன் (மருந்து) 99. எங்க வேணா ஆட்டோசேவ். கரையற கணக்கு மொத்தமா போச்சு, ஆனா சண்டைங்க மட்டும் அதே எண்ணிக்கைல அப்டியே நிக்குது. ரோடு போட்ட காச வசூல் பண்ணி முடிச்சப்பறமும் எடுக்காம விட்ட டோல்கேட் மாதிரி. நிறுத்தி, எக்ஸ் பட்டன நாலு தடவ அமுக்கிட்டு போக வேண்டியதுதான்.

ஒண்ணு அந்த கரையற கணக்க திருப்பி கொண்டு வாங்க, இல்ல சண்டைங்கள பாதிக்கு மேல வெட்டிட்டு மிச்சம் இருக்கறது ஒவ்வொண்ணையும் யோசிச்சு ஆடற மாதிரி வைங்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்கறதுதான் எனக்கு கடுப்பு.

மெட்டல்ஸ்லைம்:
தல, எல்லா சண்டையும் யோசிச்சு ஆடணும்னா வேல முடிச்சுட்டு வந்து எவன் ஆடுவான். எனக்கு அந்த நாலு எக்ஸ் பட்டன்தான் வேணும். பாட்டு ஒண்ண போட்டுட்டு ஒரு மணி நேரம் சுத்தி லெவல் ஏத்திட்டு தூங்கப் போறதுல ஒரு நிம்மதி இருக்கு, மெட்டல் ஸ்லைம் ஒண்ணு தப்பி ஓடாம மாட்டி எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) மொத்தமா கொட்டுதே அந்த சந்தோஷத்த எந்த யோசனையும் குடுக்காது. இப்டி லெவல் ஏத்தற கிரைண்டிங் குத்தம்னு பேசறவங்களுக்கு இந்த ஜானரே செட் ஆகலன்னு அர்த்தம்.

நிலவறைவாசி:
கிரைண்டிங் வேணாம்னு எங்கய்யா சொன்னேன். வேணும்னு தோணறப்ப பண்ற கிரைண்டிங் வேற, வேண்டாதவன் கழுத்துல கட்டி விடறது வேற. பிரேவ்லி டீஃபால்ட் எப்பவோ இதுக்கு ஒரு வழி காட்டிடுச்சு, என்கவுன்ட்டர் ரேட்ட (எதிரிங்க வந்து மோதற அளவு) மெனுல நீங்களே பூஜ்யத்துலேந்து ரெண்டு மடங்கு வரைக்கும் வெச்சுக்கலாம். உங்களுக்கு வேணுமா, டபுள் வைங்க, எனக்கு வேணாமா, ஆஃப். அதுக்கப்பறம் வந்த எத்தன கேம்ல அந்த ஸ்லைடர் இருக்கு சொல்லுங்க பாப்போம்.

கடைசிசேவ்:
ஸ்லைடர் நல்லதுதான் ஆனா அது டிசைனர் கை கழுவற வேல ப்ரோ. ஆஃப் பண்ணிட்டு நேரா பாஸ்கிட்ட போனா லெவல் பத்தாம அடி வாங்குவீங்க, திரும்பி வந்து ஆன் பண்ணி ஏத்தணும், சுத்தி சுத்தி அங்கயேதான். அதே கேம் பிற்பாதில அதே பாஸுங்கள திரும்பத் திரும்ப அடிக்க வெச்சு எல்லாரையும் நோகடிச்சத மறந்துட்டீங்களா, ஸ்லைடர் குடுத்த மிச்ச நேரத்த எல்லாம் அங்க புடுங்கிகிச்சு.

எனக்கு புடிச்ச தீர்வு மெட்டஃபர் ரீஃபென்டாசியோ (2024). உங்களவிட லெவல் கம்மியான எதிரிய ஃபீல்டுலயே வாளால நாலு போடு போட்டா முடிஞ்சுது, சண்டை ஸ்க்ரீனுக்கே போகாது. சமமானவன், பெரியவன்னா முதல்ல ஃபீல்டுல அடிச்சு தடுமாற வெச்சுட்டு அப்பறம் டர்ன் பேஸ்டுக்குள்ள போகலாம், அவன் முந்திகிட்டு அடிச்சா உங்க பார்ட்டி மொத்தமும் மாட்டும். அதாவது சப்ப சண்டைய கேமே அடையாளம் கண்டு ஒதுக்கி விடுது.

வானிஷ்டூம்:
இத எர்த்பவுண்ட் 1994லயே பண்ணிடுச்சு. எதிரி ரொம்ப சின்னவன்னா தொட்ட உடனே ஜெயிச்சாச்சுன்னு காட்டிடும், இன்னும் பெரிய ஆளாயிட்டா உங்களப் பாத்து அதுங்களே ஓடும். முப்பது வருஷம் கழிச்சு புதுசு மாதிரி பேசறோம். க்ரோனோ ட்ரிக்கர் 1995, எதிரிங்க கண்ணு முன்னாடி நிக்கும், தனி ஸ்க்ரீனே கெடையாது. நல்ல ஐடியாவெல்லாம் எப்பவோ வந்தாச்சு, எவனும் எடுத்து வெச்சுக்கல.

என் பிரச்சன பாஸ் சண்டை. கேம் முழுக்க பாய்சன், ஸ்லீப், பிளைண்ட், சைலன்ஸ், ஸ்லோன்னு எம்பி செலவு பண்ணி மேஜிக் குடுக்கறாங்க. சாதா எதிரி ரெண்டு அடில சாவான், அவனுக்கு எதுக்கு பாய்சன். பாஸுக்கு போட்டா இம்யூன், அவன ஒண்ணும் பண்ணாது. அப்ப அந்த மேஜிக் எல்லாம் யாருக்கு? மெனுவ நிரப்பவா?

ஃபைனல் ஃபேன்டசி 6ல பேய் ரயிலு வருமே, அது பேயிங்கறதால செத்தவங்கள எழுப்பற ஃபீனிக்ஸ் டவுன அது மேல போட்டா ஒரே அடில காலி. இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் எல்லாரும் அத சொல்லி சொல்லி சிரிக்கறாங்க. ஏன்னா கேம் சொன்ன ரூல நாம நம்பினோம், அந்த ரூலு பாஸுக்கும் வேல செஞ்சுது. (என் பேருல இருக்கற வித்த அதே கேம்ல இருந்த பக். மறைய வெக்கற வானிஷ் போட்டு, சாகடிக்கற டூம் போட்டா பாஸே செத்துருவான். பக்குன்னு தெரியும், ஆனாலும் எனக்கு செல்லம்.)

நிலவறைவாசி:
இது நான் சொல்லாம விட்ட பாதி. முழுசா ஒத்துக்கறேன். ஷின் மெகாமி டென்செய் வரிசை கேம் பண்றவங்க இத எப்பவோ புரிஞ்சுகிட்டாங்க. அந்த வரிசைல நாக்டர்ன்ல வர்ற மேட்டடோர்ங்கற பாஸ் கிட்ட மாட்டாதவங்க யாரு? அவன் தன்னோட தப்பிக்கற திறன உச்சத்துக்கு ஏத்திப்பான், உங்க அடி மிஸ் ஆனா பிரெஸ் டர்ன் சிஸ்டத்துல ரெண்டு டர்ன் போயிடும். லெவல் ஏத்திட்டு முட்டினா வேலைக்காவாது, பஃப் (நம்ம பலத்த ஏத்தறது) டீபஃப் (எதிரி பலத்த இறக்கறது) ரெண்டையும் கத்துகிட்டுதான் தாண்டணும். அந்த ஒரு பாஸ் மொத்த கேமுக்கும் பாடம்.

எட்ரியன் ஒடிஸி இன்னும் ஒரு படி மேல. தல, கை, கால் மூணையும் தனித்தனியா கட்டிப் போடலாம், தலைய கட்டினா தலையால பண்ற ஸ்கில் வராது, கால கட்டினா தப்பிக்க முடியாது, பாஸுக்கும் இது வேல செய்யும். ஆனா ஒரு தடவ கட்டினா அடுத்த தடவ கட்டறது கஷ்டம், எதிர்ப்பு ஏறிட்டே போகும். அதனால எப்ப கட்டறதுன்னு யோசிக்கணும், அவன் பெரிய அடிக்கு ரெடியாகறப்ப பயன்படுத்த மிச்சம் வெக்கணும். முழுசா இம்யூன்னு எழுதி கதவ சாத்தறதுக்கும் இதுக்கும் எவ்ளோ வித்தியாசம் பாருங்க.

கட்டைவிரல்:
எல்லாரும் சண்டையே பேசறீங்க. எழுத்து சைஸ பத்தி யாராவது பேசுங்கய்யா. அம்பது மணி நேரம் படிக்கற கேம், கைல புடிச்சு ஆடற ஸ்க்ரீன், எறும்பு சைஸ்ல மெனு. டிவில டெஸ்ட் பண்ணிட்டு அப்டியே விட்டுடறாங்க. கட்சீன் (கதை காட்டற வீடியோ) நடுவுல நிறுத்த முடியணும், தவறவிட்ட டயலாக திருப்பிப் படிக்க பதிவு (லாக்) இருக்கணும், இது ரெண்டும் இல்லாம இன்னிக்கும் கேம் வருது. நாவல் சைஸ்ல எழுதிட்டு முந்தின பக்கத்துக்கு திருப்பக்கூடாதுன்னா எப்டி.

மௌனநாயகி:
+1. இத நல்லா பண்ணவங்களையும் சொல்லணும். ஃபைனல் ஃபேன்டசி 16ல (2023) ஆக்டிவ் டைம் லோர்னு ஒண்ணு, கட்சீன் நடுவுல நிறுத்தினா அந்த நிமிஷத்துல பேசிட்டு இருக்கறவங்க, பேசற ஊரு, சண்டை எல்லாத்துக்கும் சின்ன குறிப்பு வரும், அதுவும் கதை எது வரைக்கும் வந்துருக்கோ அது வரைக்கும்தான், ஸ்பாய்லர் இல்லாம. ரெண்டு வாரம் இடைவெளி விட்டு திரும்பி வர்றவங்களுக்கு அது வரம். அந்த கேம்ல எனக்கு வேற நூறு குற இருக்கு (சைடு குவெஸ்ட்டுங்க பாதி சாப்பாடு கொண்டு போய் குடுக்கற வேலதான்), ஆனா இந்த ஒண்ண மட்டும் எல்லா கம்பெனியும் அப்டியே எடுத்துக்கலாம்.

எதிர் உதாரணம் ஜெனோபிளேட் 2. சண்டை சிஸ்டம் அவ்ளோ சிக்கல், டியூட்டோரியல் ஒரு தடவ ஓடும், அப்பறம் மெனுல போய் திருப்பிப் பாக்க வழி இல்ல. ஊர்ல தகவல் விக்கற ஆளுங்ககிட்ட காசு குடுத்து டிப்ஸ் வாங்கணும். சொல்லித்தர்றதுக்கு கூட காசு கேக்கற கேம்!

பொறுமைசாலி22:
ஜெனோபிளேட்ட திட்டறதா இருந்தா முதல் பாகத்துக்கு கைதட்டிட்டு திட்டுங்க அக்கா. 2010லயே எங்க வேணா சேவ், தோத்தா முந்தின இடத்துல எந்திரிக்கலாம் எதுவும் போகாது, நானூறுக்கு மேல சைடு குவெஸ்ட் ஆனா இத்தன கொல்லு இத்தன பொறுக்குன்னு சொல்ற ரகமெல்லாம் முடிச்ச இடத்துலயே முடிஞ்சுரும், குடுத்தவர தேடி திரும்ப ஓட வேணாம். இன்னிக்கு வர்ற கேம்ல கூட நாலு எலி அடிச்சுட்டு ஊரு முழுக்க ஓடி நன்றி வாங்கிட்டு வர வேண்டியிருக்கு.

மௌனநாயகி:
திட்டல தம்பி, முதல் பாகம் எனக்கும் உயிரு. அதனாலதான் ரெண்டாவது மேல கோவம்.

கடைசிசேவ்:
சரி என் பங்குக்கு என் ஜென்ம விரோதி. மிஸ்ஸபிள். தவறவிட்டா அப்பறம் கிடைக்கவே கிடைக்காத ஐட்டம், கேரக்டர், முடிவு. ஃபைனல் ஃபேன்டசி 12 (2006) ஒரிஜினல்ல ஸோடியாக் ஸ்பியர்னு பலமான ஈட்டி, அத ஈஸியா எடுக்கணும்னா வழில இருக்கற நாலு குறிப்பிட்ட பெட்டிய திறக்கவே கூடாது. எந்த நாலுன்னு கேம்ல எவனும் சொல்ல மாட்டான். பெட்டியப் பாத்தா திறன்னு காலங்காலமா நமக்கு பழக்கி விட்டது யாரு, இவங்கதான! பின்னாடி வந்த பதிப்புல அத எடுத்துட்டாங்க, அதுலயே தெரியுது.

பெர்சோனா 5 ராயலும் இதே. புதுசா சேத்த மூணாவது செமஸ்டர் முழுசா, அதுதான் ராயல் வாங்கறதுக்கே காரணம், அது வேணும்னா மருகிங்கற ஸ்கூல் ஆலோசகரோட கான்ஃபிடன்ட்ட (நட்பு அளவு) நவம்பர் நடுவுக்குள்ள ரேங்க் 9க்கு ஏத்தியிருக்கணும். இல்லன்னா கதை முன்னாடியே முடிஞ்சு கிரெடிட்ஸ். எண்பது மணி நேரம் ஆடினவனுக்கு தான் என்னத்த தவறவிட்டோம்னே தெரியாது.

பொறுமைசாலி22:
மருகி நவம்பர் வரைக்கும்தான் ஸ்கூல்ல இருப்பேன்னு சொல்றாரே ப்ரோ. கவனிச்சு கேட்டா புரியும். நாள் நாளா நகர்ற காலண்டர் கேம்ல நேரம் போச்சுன்னா போச்சுதான், அதுதான பெர்சோனாவோட உயிரு? எல்லாத்தையும் எல்லாரும் ஒரே ஆட்டத்துல பாத்துடலாம்னா எதுக்கு காலண்டர்.

கடைசிசேவ்:
அவரு கிளம்பறாருன்னு சொல்றாரு, கேமோட கடைசி பகுதியும் என்னோட கிளம்புதுன்னு சொல்றாரா? ஒரு நண்பனோட நேரம் செலவு பண்ணாததுக்கு அந்த நட்ப இழக்கறது நியாயமான விலை. ஒரு பெரிய நிலவறையையும் உண்மையான முடிவையும் சேத்து இழக்கறது விலையே இல்ல, பரீட்சைல கேள்வித்தாள மறைச்சு வெக்கறது.

இதுல என்ன ஆகுதுன்னா எல்லாரும் பக்கத்துல கைடு தொறந்து வெச்சுட்டு ஆடறாங்க. ஏப்ரல் 12 இவனோட பேசு, 13 புத்தகம் படின்னு. அது விளையாட்டே இல்ல, டைப்பிங் வேல.

நிலவறைவாசி:
கைடு மேட்டர் ரொம்ப சரி. மிஸ்ஸபிள் வெக்கறது ஆள ஆராய வெக்கத்தான்னு சொல்லுவாங்க, நடக்கறது நேர் எதிரா இருக்கு, பயந்துபோய் எவனும் ஆராயறதே இல்ல.

மௌனநாயகி:
கதைக்கு வரலாமா. ஜேஆர்பிஜில நாம எடுக்கற முடிவுக்கு கதைல மதிப்பு இல்லங்கறது பழைய குற்றச்சாட்டு, முதல் டிராகன் குவெஸ்ட்லயே இளவரசி கேக்கறப்ப இல்லன்னு சொன்னா ஒத்துக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப கேட்டுகிட்டே இருப்பா. எனக்கு அது பெரிய குறையா படல, ஒரே கோட்டுல போற கதைய நல்லா சொல்றதுதான் இவங்க பலம், மேற்கத்திய கேம் மாதிரி கிளை கிளையா பிரிக்கச் சொல்லல.

ஆனா நான் ஆடினத கேம் கவனிச்சுதுன்னு காட்டலாம்ல? க்ரோனோ ட்ரிக்கர் கோர்ட் சீன் யாருக்காவது மறக்குமா? ஆரம்பத்துல திருவிழால சும்மா சுத்தறோம், மேஜை மேல இருந்த யாரோட சாப்பாட்டயோ தின்னோமா, பூனையத் தொலைச்ச குட்டிப் பொண்ணுக்கு உதவி பண்ணோமா, நம்ம மேல மோதி விழுந்த இன்னொரு பொண்ண மொதல்ல கவனிச்சோமா இல்ல அவளோட பெண்டன்ட்ட பொறுக்கினோமா, எல்லாத்தையும் சாட்சி வெச்சு நம்ம மேலயே திருப்புவாங்க. கதை மாறல, ஜெயிலுக்கு போறது போறதுதான். ஆனா மூஞ்சி செவந்துரும். 1995ல கார்ட்ரிட்ஜ் இடத்துக்குள்ள இத பண்ண முடிஞ்சுது, இப்ப நூறு ஜிபி குடுத்தும் மூணு பதில் ஆப்ஷன் வருது, மூணும் ஒரே அர்த்தம்.

டிரெய்ல்ஸ் வரிசை இத வேற விதமா பண்ணும், கதைல ஒரு சம்பவம் நடந்தா ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தரும் வேற டயலாக் பேசுவாங்க, பேக்கரிக்காரர்லேந்து வாட்ச்மேன் வரைக்கும். ஆனா அதுக்கு அவங்க குடுக்கற விலை பேச்சு, பேச்சு, பேச்சு. 2006ல ஜப்பான்ல வந்த ட்ரெய்ல்ஸ் இன் த ஸ்கை எஸ்சி இங்கிலீஷ்ல வர 2015 ஆச்சு, அவ்ளோ எழுத்து.

மெட்டல்ஸ்லைம்:
பேச்சு குறையணும்ங்கறது மட்டும் நானும் ஓட்டு போடறேன். ஒருத்தன் சொல்லுவான் "ராஜா துரோகியா", அடுத்தவன் "என்ன, ராஜாவா", மூணாவது ஆளு "அப்ப ராஜாதான்...", நாலாவது ஆளு மூச்ச மட்டும் இழுப்பான். பார்ட்டில எட்டு பேர் இருந்தா எட்டு பேரும் ஆச்சரியப்படணும்னு எந்த சட்டம்?

வானிஷ்டூம்:
😂😂 அந்த மூச்சிழுப்புக்கு வாய்ஸ் ஆக்டருக்கு தனி சம்பளம் குடுத்துருப்பாங்க

கட்டைவிரல்:
இன்னொண்ணு. பாஸுக்கு முன்னாடி நீளமா கட்சீன், ஸ்கிப் இல்ல, தோத்தா மறுபடி முழுசா. ஃபைனல் ஃபேன்டசி 10ல யுனலெஸ்காங்கற பாஸுக்கு முன்னாடி வர்றத கண்ண மூடிட்டு ஒப்பிக்கற ஆளுங்க இருக்காங்க. 2001 அத மன்னிச்சுரலாம். 13ல அத சரி பண்ணிட்டாங்க, தோத்தா சண்டைக்கு சரியா முன்னாடி ரீட்ரை.

நிலவறைவாசி:
ஃபைனல் ஃபேன்டசி 13 பேச்ச எடுத்ததால சொல்றேன், அடிக்க வராதீங்க. என் ஆரம்பக் கேள்விக்கு ரெண்டாவது வழில முழுசா போனது அதுதான். ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் எச்பி ஃபுல் ஆயிடும், கரையற கணக்கே கெடையாது. அதனால சாதா சண்டையையே பாஸ் மாதிரி கடுமையா வெக்க முடிஞ்சுது, பாரடைம் (பார்ட்டில யாருக்கு என்ன வேலங்கற அமைப்பு) மாத்தாம உக்காந்தா தெருநாய் மாதிரி இருக்கறது கூட ஆள முடிச்சுரும். ஐடியா சூப்பர். ஆனா அந்த சிஸ்டத்த தொறந்து விடவே மணிக்கணக்கா இழுத்தாங்க, கிரான் பல்ஸ்ங்கற திறந்தவெளிக்கு வர்ற 11வது சாப்டர் வரைக்கும் காரிடர்ல நடக்க விட்டாங்க, அதோட தலைவன் மட்டும் செத்தா கேம் ஓவர், பக்கத்துல உயிர் குடுக்கற ஆளு நின்னாலும். நல்ல விதைய கல்லு மேல போட்டுட்டாங்க.

முதல் வழில போனது கிளேர் ஆப்ஸ்க்யூர். கொடி கிட்ட ரெஸ்ட் எடுத்தா எல்லாம் நிரம்பும், ஆனா எதிரிங்களும் திரும்பி வந்துருவாங்க, மருந்து எண்ணிக்கை கம்மி, காசு குடுத்து 99 அடுக்க முடியாது. விசார்ட்ரி கணக்குதான், டார்க் சோல்ஸ் மாதிரி கேமுங்க வழியா சுத்தி வந்துருக்கு.

கட்டைவிரல்:
அதுல பேரி (எதிரி அடிய சரியான நொடில பட்டன் அமுக்கி தடுக்கறது) டைமிங் வரலன்னா என்ன கணக்கு போட்டு என்ன? என் விரல் அவ்ளோ வேகம் கெடையாது. அடிக்கற டைமிங்க ஆட்டோ ஆக்கலாம், தடுக்கறது கைலதான் பண்ணணும், ஸ்டோரி மோடுல கொஞ்சம் இளக்கம் அவ்ளோதான். டர்ன் பேஸ்டுக்கு நான் வந்ததே விரல நம்பாம மூளைய நம்பி ஆடத்தான். எல்லாரும் அத காப்பி அடிச்சு அடுத்த அஞ்சு வருஷம் வர்ற ஜேஆர்பிஜி எல்லாத்துலயும் பேரி வந்துருமோன்னு பயமா இருக்கு.

நிலவறைவாசி:
நியாயமான பயம். அங்கேந்து எடுக்க வேண்டியது கொடியும் எண்ணி வெச்ச மருந்தும்தான், பேரி இல்ல. ஆனா கம்பெனிக்காரங்க கண்ணுல பேரிதான் படும்னு நானும் நெனைக்கறேன்.

பொறுமைசாலி22:
யாரும் காசு பத்தி பேசல. லைக் எ டிராகன் இன்ஃபினிட் வெல்த் (2024) நியூ கேம் பிளஸ்ஸ (ஒரு தடவ முடிச்சப்பறம் ஏத்தின லெவலோட முதல்லேந்து ஆடறது) விலை கூடின எடிஷன்ல பூட்டி வெச்சாங்க. க்ரோனோ ட்ரிக்கர் சும்மா குடுத்தது அது. இத ஒரு ஆளு தப்பிச்சா எல்லாரும் பண்ணுவாங்க.

வானிஷ்டூம்:
அதுக்கு தனியா ஒரு இழை போட்டு திட்டுவோம், இங்க ஆரம்பிச்சா நிக்காது.

மெட்டல்ஸ்லைம்:
@நிலவறைவாசி சரி தல, ஒரு சவால். நீங்க சொல்ற கரையற கணக்கு உள்ள கேம் ஒண்ணு சொல்லுங்க, ஆடிப் பாக்கறேன். ஆனா எனக்கு கிரைண்டும் வேணும், பேரி வேணாம்.

நிலவறைவாசி:
எட்ரியன் ஒடிஸி. முதல் மூணு பாகமும் எச்டில வந்துருக்கு, மூணாவதுலேந்து ஆரம்பிங்க. மேப்ப நீங்களே வரையணும். கீழ இறங்கறப்ப ஊருக்கு திரும்பற நூல் ஒண்ணு பையில இருக்கான்னு பாத்துக்கோங்க, ஏரியட்னி த்ரெட்னு கடைல விக்கும்.

மெட்டல்ஸ்லைம்:
வாங்கிட்டேன். அஞ்சு பேருக்கும் பேரு வெக்கவே ராத்திரி ஆயிடுச்சு. நூல் வாங்க காசு பத்தல, கவசத்துல போட்டுட்டேன், நடந்தே திரும்பிக்கலாம்ல?

நிலவறைவாசி:
😬

வானிஷ்டூம்:
யாராவது அவர தடுங்கய்யா